பிரிண்ட் எடுக்க வரும் பிள்ளைகளும் மானூர்க் கல்வெட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நெல்லையில் இருக்கும் பொருநை அருங்காட்சியகத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகப் போய்வரும் படங்களை உங்கள் பத்திரிகையில் பார்க்கிறேன், சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்கி மறுநாள் என் கடைக்கு வரும்போது என்ன நடக்கிறது என்று யாரும் எழுதக் காணோம், அதனால் நானே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். வெட்டுவதாக இருந்தால் நடுவில் எங்கேயாவது வெட்டிக்கொள்ளுங்கள், கடைசியை மட்டும் விட்டுவையுங்கள், அதில் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், பதினெட்டு வருஷமாகிறது. ஆரம்பத்தில் பிரவுசிங் சென்டர் என்று போர்டு போட்டு நாலு கம்ப்யூட்டர் வைத்திருந்தேன். எல்லார் கையிலும் போன் வந்த பிறகு மூன்றை விற்றாயிற்று, மிச்சமிருக்கும் ஒன்று பிள்ளைகளுடைய புராஜெக்ட் புண்ணியத்தில் ஓடுகிறது. பாளையில் தெருவுக்கு ஒரு பள்ளிக்கூடம் என்பதால் எனக்குக் குறை இல்லை. "அண்ணாச்சி, நம்ம மாவட்ட வரலாறு, எட்டுப் பக்கம், படம் மட்டும் கலர்ல" என்று வந்து நிற்பார்கள். நானும் எடுத்துக் கொடுப்பேன். எடுத்துக் கொடுத்துக் கொடுத்து எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது: நெல்லையப்பர் கோபுரம் ஒன்று, அல்வா ஒன்று, குற்றால அருவி ஒன்று, அப்புறம் கட்டபொம்மன். கட்டபொம்மன் என்று தேடினால் வருவது பெரும்பாலும் சினிமாவில் கட்டபொம்மனாக நடித்தவர் படம்தான், அதையும் ஒட்டி மார்க் வாங்கிவிடுகிறார்கள். ஒரே விக்கிப்பீடியா பக்கத்தை ஒரே நாளில் முப்பது பிள்ளைகளுக்குப் பிரிண்ட் போட்டிருக்கிறேன், மூன்றாவது பிள்ளைக்கு மேல் ஜெராக்ஸாகவே போட்டுவிடுவேன், அதில் கொஞ்சம் காசு குறையும்.

இதெல்லாம் பரவாயில்லை. போன ஜூலையில் ஒரு பொண்ணு கொண்டுவந்த தாளில் "சிவகளையில் 32,000 ஆண்டுகளுக்கு முந்தைய நெல்" என்று இருந்தது. எங்கே எடுத்தாய் தாயி என்று கேட்டேன், வாட்ஸ்அப்பில் வந்தது என்றாள். விஷயம் என்னவென்றால், அகழாய்வு நடந்த சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் உமியை அமெரிக்காவில் மியாமி நகரத்தில் இருக்கும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்ததில் கி.மு. 1155 என்று வந்தது, அதைத்தான் 2021 செப்டம்பரில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார், ஏறக்குறைய 3,200 ஆண்டு. வழியில் யாரோ ஒரு சைபர் கூடச் சேர்த்துவிட்டார்கள். சரி, திருத்திக் கொடுத்தேன். மறுவாரம் வேறொரு பையன் அதே சிவகளைக்கு 5,300 ஆண்டு என்று போட்டுக்கொண்டு வந்தான். இதையும் தப்பு என்று நான் திருத்தப் போய், பிறகு தேடிப் பார்த்தால், அது 2025 ஜனவரியில் அரசு வெளியிட்ட இரும்புக் கணக்கு, கி.மு. 3345 வரை போகிறது. இரண்டும் ஒரே ஊர், ஒன்று நெல், ஒன்று இரும்பு. உமிக்கு ஒரு வயது, இரும்புக்கு ஒரு வயது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தத் தாழியில் எந்த ஆண்டு எடுத்தது என்று பத்து வரியில் சொல்லும் தமிழ்ப் பக்கம் ஒன்று அன்றைக்கு என் கண்ணில் பட்டிருந்தால் அந்தப் பையனிடம் நான் அசடு வழிந்திருக்க வேண்டியதில்லை. கிடைப்பதெல்லாம் ஒன்று, நூற்றுக்கணக்கான பக்கத்து அறிக்கை. இல்லையென்றால் "உலகையே அதிரவைத்த" என்று தொடங்கும் யூடியூப். நடுவில் ஒன்றும் இல்லை.

நடுவில் இல்லை என்பதுதான் என் புகார். இணையத்தில் நம் ஊர்ச் சரக்கு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, மலைபோல் கிடக்கிறது. கால்டுவெல் 1881-இல் எழுதிய திருநெல்வேலி வரலாறு கிடக்கிறது, பேட் என்ற வெள்ளைக்கார அதிகாரி தொகுத்த 1917 கெஜட்டியர் கிடக்கிறது, ஆதிச்சநல்லூரில் கிடைத்த பொருள்களுக்கு அலெக்சாண்டர் ரீ போட்ட 1915 பட்டியல் கிடக்கிறது, கல்வெட்டுத் தொகுதிகள் கிடக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ்ப் புத்தகங்கள் ஏராளம். 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் முகம் தெரியாத ஆட்கள் உட்கார்ந்து தட்டச்சுச் செய்து போட்ட இலக்கியங்கள் இருக்கின்றன, நம் சீவலப்பேரியைப் பாடுகிற முக்கூடற்பள்ளு உள்பட. எல்லாம் இலவசம். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளை இதில் எதைத் திறந்து, எந்தப் பக்கத்தைப் படிக்கும்?

இன்னொரு கூத்து எழுத்துக்கூட்டல். நாம் திருநெல்வேலி என்று அடித்தால் பழைய புத்தகம் வராது. வெள்ளைக்காரன் எழுதிவைத்தபடி டின்னவெல்லி, பாளம்கோட்டா, ஷெர்மாதேவி என்று அடித்தால்தான் வரும். சேரன்மகாதேவிப் பிள்ளைக்கு ஷெர்மாதேவி என்பது தன் ஊர்தான் என்று யார் சொல்லுவார்? இதைக் கண்டுபிடிக்க எனக்கே பல வருஷம் ஆயிற்று.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு ஒரு வசதி உண்டு, ஊரில் யார் எதை வாசிக்கிறார்கள் என்று தெரியும். ரிட்டயரான சரித்திர வாத்தியார் ஒருவர் கல்வெட்டுப் புத்தகங்களில் பக்கம் பக்கமாக எடுத்துப் போவார். ஒருநாள் மெஷின் சூடாகி நின்றுவிட்டது, அது ஆறும் வரைக்கும் அவர் கையில் இருந்த தாளைக் காட்டி மானூர்க் கல்வெட்டைப் பற்றிச் சொன்னார். மானூர் உங்களுக்குத் தெரியும், சங்கரன்கோவில் ரோட்டில் போனால் பெரிய குளம் இருக்குமே, அந்த மானூர். அங்கே அம்பலநாதர் கோயிலில் மாறஞ்சடையன் என்ற பாண்டியன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, ஏறக்குறைய கி.பி. 800. ஊர்ச்சபையில் உட்கார யாருக்குத் தகுதி உண்டு, எவ்வளவு பங்கு நிலம் இருக்க வேண்டும், என்ன படித்திருக்க வேண்டும் என்றெல்லாம் சபையார் கூடி விதி போட்டிருக்கிறார்கள். பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர் என்பதால் வேதம் தர்மம் என்று அவர்கள் வட்டத்துக்கு உள்ளேயே போட்ட விதி, எல்லாருக்கும் கதவு திறந்திருந்தது என்று கதை விட முடியாது. ஆனால் அதில் ஒரு விதி இருக்கிறது பாருங்கள். சபையில் எது பேசினாலும் அதெல்லாம் இல்லை இல்லை என்று குறுக்கே விழுந்து மறிக்கிறவனுக்கும், அவனுக்குத் துணை நிற்கிறவனுக்கும், ஐந்து காசு தண்டம். ஒவ்வொரு காரியத்துக்கும் தனித்தனியாக ஐந்து காசு. நான் கடையில் நின்றே சிரித்துவிட்டேன். எங்கள் தெரு வரி கட்டுவோர் சங்கக் கூட்டத்துக்கு இந்த விதி வந்தால் சங்கத்துக்குக் கட்டடமே கட்டிவிடலாம்.

பாடப்புத்தகத்தில் நம் பிள்ளைகள் படிப்பது உத்திரமேரூர். குடவோலை, பானைக்குள் ஓலையைப் போட்டுக் குலுக்குவது எல்லாம். முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. அதைக் குறை சொல்லவில்லை, அருமையான கல்வெட்டு. ஆனால் அதற்கு நூறு வருஷத்துக்கு மேலே மூத்தது நம் மானூரில் இருக்கிறது. மானூரிலிருந்து பாளைக்குத் தினமும் பஸ்ஸில் வந்து படிக்கிற பிள்ளை உத்திரமேரூரைப் பத்து மார்க்குக்கு எழுதிவிட்டு, சாயங்காலம் அந்தக் கோயில் இருக்கிற ஊருக்கே திரும்பிப் போகிறது. அப்படி ஒரு பொண்ணு என் கடைக்கு வருவாள், கேட்டேன், கோயில் தெரியும் மாமா, கல்வெட்டு தெரியாது என்றாள். அந்தக் கல்வெட்டின் ஆங்கில விளக்கம் எபிகிராபியா இண்டிகா என்ற கல்வெட்டு இதழின் 22-ஆம் தொகுதியில் இருக்கிறது, ஸ்கேன் செய்து இணையத்திலும் இருக்கிறது. மானூர்ப் பொண்ணுக்கு அது இல்லாததற்குச் சமம்.

இதில் மாவட்டச் சண்டை வேறு. ஒரு பையன் நன்றாக உட்கார்ந்து ஆதிச்சநல்லூரை எழுதினான். 1876-இல் ஜெர்மன்காரர் யாகோர் முதலில் தோண்டி எடுத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனது, 1899-க்குப் பிறகு ரீ தோண்டியது, அவர் எடுத்த பொன் பட்டங்களும் வெண்கலச் சாமான்களும் சென்னை எழும்பூருக்குப் போனது, 114 ஏக்கர் பரம்பு, 2004-05-இல் மறுபடி தோண்டியதற்கு அறிக்கை வர பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆனது, இப்போது தாழிகளை அங்கேயே கிடந்த இடத்தில் வைத்துக் கண்ணாடி போட்டுக் காட்டுவது என்று எல்லாம் வரிசையாக. பத்துக்கு நாலு மார்க். "நம்ம மாவட்டம் எழுதச் சொன்னா அது தூத்துக்குடி மாவட்டம்லா" என்றார்களாம். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம், எதிரே கடை வைத்திருக்கிறேன். 1986 அக்டோபரில் தூத்துக்குடி பிரிந்தது, 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது, நிர்வாகத்துக்குச் சரிதான். ஆனால் மூவாயிரம் வருஷத்துத் தாழிக்கு 1986 எப்படித் தெரியும்? தாமிரபரணி ஆறு பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் விழுகிற வரைக்கும் ஒரே ஆறுதான். மூன்று மாவட்ட இணையதளத்திலும் அவரவர் பங்குக்குச் சுற்றுலாத் தலம் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். கொற்கை ஒருவருக்கு, குற்றாலம் ஒருவருக்கு, கிருஷ்ணாபுரம் சிற்பம் ஒருவருக்கு. திருநெல்வேலிச் சீமை என்று முழுசாக ஒன்றாகப் பார்க்க ஓர் இடம் கிடையாது.

அந்த ஆற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு அணைக்கட்டு: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசி ஒன்றுதான் வெள்ளைக்காரன் காலத்தது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. சேரன்மகாதேவியில் கன்னடியன் கால்வாய்க் கரையில் மிளகுப் பிள்ளையார் இருக்கிறார், அவர் மேல் மிளகு அரைத்துப் பூசி அபிஷேகம் செய்தால் வாய்க்காலில் தண்ணீர் வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். என் அப்பா வயல்காரர். கார், பிசானம் என்ற இரண்டு நெல் சாகுபடிப் பருவத்தை வைத்துத்தான் வருஷத்தைக் கணக்குப் பார்ப்பார், தமிழ் மாதம் இங்கிலீஷ் மாதம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். கடைக்கு வருகிற பிள்ளைகளிடம் பிசானம் என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன், ஒருத்தன் மட்டும் "சாமி பேரா அண்ணாச்சி" என்றான், மற்றவர்கள் அதுவும் சொல்லவில்லை. மடை, மதகு, கலுங்கு, எந்த மடைக்கு எத்தனை நாள் முறைத்தண்ணீர் என்பதெல்லாம் இன்னும் கிழடுகட்டைகள் வாயில்தான் இருக்கிறது. இதை ஒரு போனை வைத்துப் பதிந்தால் போதும், செலவே கிடையாது.

பதிவதைப் பற்றிச் சொன்னால் கொடையை, அதாவது நம் ஊர்ச் சாமிகளுக்கு எடுக்கிற திருவிழாவை, சொல்லாமல் இருக்க முடியாது. வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் இணையத்தில் இல்லாமல் இல்லை, சொல்லப்போனால் எந்த நூலகத்தையும்விட யூடியூபில்தான் அதிகம் இருக்கிறது. கொடைக்கு வீடியோ எடுக்கிற பையன்கள் ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். மகுடம் என்கிற பறையை அடிக்கிற சத்தம் கூட அவ்வளவு சுத்தமாகக் கேட்கும். ஆனால் தலைப்பில் "கோவில் கொடை பார்ட் 4" என்று மட்டும் இருக்கும். எந்த ஊர், எந்தச் சாமி, பாடுகிற அண்ணாவி யார், என்ன கதை என்று ஒரு வரி கிடையாது. முத்துப்பட்டன் கதையைத் தேடி ஒரு கல்லூரிப் பையன் என் கடையில் அரை நாள் உட்கார்ந்திருந்தான். சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டித் தொங்கவிடுவார்களே, அந்தக் கதைதான். பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் வீட்டுப் பெண்கள் இருவரைக் கட்டிக்கொண்ட பிராமணன், மாடு களவாட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவன். நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை இந்தக் கதையை 1971-இல் பதிப்பித்திருக்கிறார், அந்தப் புத்தகம் கிடைத்தது. பாடக் கேட்கத்தான் பையன் தவித்தான். கடைசியில் "பார்ட் 3" என்று பெயரிட்டிருந்த வீடியோ ஒன்றில் இரண்டாவது மணி நேரத்தில் கிடைத்தது, அதுவும் சீரியல்செட் படம் பார்க்கலாம் என்று ஓட்டிக்கொண்டிருந்த என் மகன் தற்செயலாகக் கேட்டுச் சொன்னதால்.

இப்போது புதுசாக ஒன்று. போனிடமே கேட்டால் அதுவே கட்டுரை எழுதிக் கொடுக்கிறது. பிள்ளைகள் முன்னை மாதிரி விக்கிப்பீடியாவைக் கூடத் திறப்பதில்லை. எழுத்துப் பிழை இல்லாமல், நல்ல தமிழில், கட்டபொம்மனைப் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கில் போட்டதாக எழுதிக் கொடுத்திருந்தது. கயத்தாறு தாத்தா வீட்டுக்கு லீவுக்குப் போய்வந்த பிள்ளையே அதைக் கவனிக்காமல் பிரிண்ட் கேட்டது. 1799 அக்டோபர் 16, கயத்தாறு, புளியமரம் என்று நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. அதற்கும் பாவம் என்ன தெரியும், நாம் தமிழில் எழுதி வைத்திருப்பதைத்தானே அது படித்திருக்கும்.

சரி, என்னதான் வேண்டும் என்கிறாய் என்று கேட்பீர்கள். கோடிக்கணக்கில் செயலி, முப்பரிமாணக் கண்ணாடி, கையெழுத்து ஒப்பந்தம் இதெல்லாம் வேண்டாம். ஊருக்கு ஒரு பக்கம். அந்த ஊரில் என்ன இருக்கிறது, கோயில் என்றால் எந்தச் சுவரில், கல்வெட்டு என்றால் என்ன சொல்கிறது, அதைப் பத்து வயசுப் பிள்ளை வாசிக்கிற தமிழில். எந்தப் புத்தகம், எத்தனாம் பக்கம் என்று கீழே. வெள்ளைக்காரன் அந்த ஊரை எப்படி எழுதினான் என்று ஒரு வரி. கதை என்றால் கதை என்றும் சான்று என்றால் சான்று என்றும் பிரித்து. மிளகுப் பிள்ளையாரும் இருக்கட்டும், அணை எப்போது கட்டியது என்பதும் இருக்கட்டும், இரண்டையும் குழப்பாமல் இருந்தால் போதும். இன்றைக்குப் பொருநை என்ற சொல் சங்கப் பாட்டில் வந்தாலே நம் தாமிரபரணிதான் என்று வீடியோ போடுகிறார்கள், கரூர்ப் பக்கத்து அமராவதிக்கும் ஆன்பொருநை என்றுதான் பெயர்.

எழுத ஆள் இருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல். பாளையில் எத்தனை கல்லூரி, அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழகம், சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கு என்றே துறை. வருஷா வருஷம் இந்த வட்டாரத்தைப் பற்றிய ஆய்வேடுகளை நான்தான் பைண்டிங் செய்கிறேன், தங்க எழுத்துப் போட்டு. ஒரு கிராமத்துச் சாமிகள், ஒரு கால்வாய்ப் பாசனம், பத்தமடைப் பாய் என்று அத்தனை அருமையான தலைப்புகள். நாலு காப்பி. ஒன்று துறைக்கு, ஒன்று நூலகத்துக்கு, ஒன்று வழிகாட்டிக்கு, ஒன்று எழுதியவர் வீட்டு பீரோவுக்கு. முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற ஆய்வேட்டு இணையதளத்தில் ஏறுகின்றன என்பது உண்மை, ஆனால் பலவற்றைப் பக்கம் பக்கமாகப் படமாக ஏற்றியிருப்பதால் தமிழில் ஒரு சொல்லைப் போட்டுத் தேடினால் சிக்காது. ஆய்வேட்டோடு கூடவே இரண்டு பக்கம், ஊருக்கான சுருக்கம், யூனிகோடில் அடித்துக் கொடுத்தால்தான் பட்டம் என்று ஒரு விதி போடட்டும். மானூர் சபையார் போட்டதைவிடக் கடினமான விதி இல்லை.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும், கோபப்படக் கூடாது. உங்கள் பத்திரிகையின் பழைய இதழ்கள் உங்கள் அலுவலகத்தில் கட்டுக்கட்டாக இருக்கும். எங்கள் ஊர் வெள்ளம், தேர், வாய்க்கால் தகராறு, கொடை, பள்ளி ஆண்டுவிழா எல்லாம் அதில்தான் இருக்கிறது, வேறு எங்கேயும் இல்லை. நெல்லைப் பக்கங்களை மட்டுமாவது ஸ்கேன் செய்து பொதுவில் போடுங்கள். விளம்பரத்தோடு போட்டாலும் பாதகமில்லை, பழைய விளம்பரம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

கடைசியாக நான் சொல்ல வந்தது. உ.வே.சாமிநாதையர் ஏடு தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்தபோது கவிராயர்கள் வீடு வீடாக ஏறி இறங்கித்தான் வாங்கிப் போனார். இப்போது ஏடு இருக்கிற வீடு குறைவு, ஆனால் மச்சில் டிரங்குப் பெட்டி இருக்கும். அதில் பழைய கொடை நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, வில்லுப்பாட்டுக் கையெழுத்து நோட்டு, குளத்துப் பாசன ரசீது, பள்ளிக்கூட மலர் என்று ஏதாவது கிடக்கும். பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது இதையெல்லாம் எடைக்குப் போடுகிறார்கள், நானே ஒரு பழைய பேப்பர் கடையிலிருந்து கொடை நோட்டீஸ் ஒரு கட்டு மீட்டு வந்திருக்கிறேன். என் கடையில் ஸ்கேனர் இருக்கிறது. இந்த மாதிரிச் சாமான் கொண்டுவந்தால் காசு வாங்காமல் ஸ்கேன் செய்து, பென்டிரைவில் போட்டு, சாமானையும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஊர்ப் பேரும் வருஷமும் தெரிந்தால் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொண்டுவர வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை. வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை கூட்டம் இருக்காது. மானூர்ப் பொண்ணு போன வாரம் அவள் ஆச்சியிடமிருந்து ஒரு நோட்டு கொண்டுவந்திருக்கிறாள், பாதி கறையான் அரித்தது, மீதியை இந்த வெள்ளிக்கிழமை எடுக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன்,
பாளையங்கோட்டை.